உடையாத காலுக்கு மாவுக்கட்டு

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அக்காவும் வீட்டில் உள்ள பெரியவர் சிறியவர் அனைவரும், மேஜர் உட்பட, சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம். 'நானும் சுகம்' என்று எழுதியதை வழக்கமான மரியாதைச் சொல் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். தயவுசெய்து திரும்பி வந்து இன்னொரு தடவை படியுங்கள். நான் சுகம். என் கால் உடையவில்லை. இடது கால் உடையவில்லை, வலது காலும் உடையவில்லை, சுண்டுவிரல்கூட நசுங்கவில்லை. ஆனால் இடது காலில் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு இருக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போன் இருப்பது கூடத்தில், உங்கள் தங்கையின் காது இருப்பது வீடு முழுக்க.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கால் உடைந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை மேஜரையும் கூட்டிக்கொண்டு வந்து, தங்கி என்னைப் பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னீர்களாம். இந்த மனசு யாருக்கு வரும்! ஆனால் வராதீர்கள். நீங்கள் வந்தாலும் பரவாயில்லை, மேஜர் வரக் கூடாது. மேஜர் நல்ல நாய். அதன்மேல் எனக்கு இருக்கும் மரியாதை உங்களுக்கே தெரியும். போன தடவை அது வந்திருந்தபோது அந்த மரியாதையின் காரணமாகத்தான் நான் சாப்பாட்டு மேசையின் மேல் ஏறி உட்கார்ந்தே பேப்பர் படித்தேன், அங்கேயே சாப்பிட்டேன், அங்கேயே படுத்துக்கொண்டேன். அது வேறு விஷயம். இப்போது இங்கே கடற்கரையில் பறக்கத் தெரியாத மூன்று குஞ்சுகள் ஓடித் திரிகின்றன. ஒவ்வொன்றும் ஒரு எலுமிச்சம்பழ அளவு. மேஜருக்கு மூன்றும் சேர்ந்தால்கூட ஒரு வாய்க்குக் காணாது. அந்தக் குஞ்சுகள் என்னுடையவை, மச்சான். அதாவது, நான் போட்ட முட்டை இல்லை. நான் காப்பாற்றிய முட்டை.

எல்லாம் ஆரம்பித்தது நான் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு. வேலையில் இருந்தவரை "மூச்ச இழுங்க, புடிங்க, அசையாதீங்க, விடுங்க" என்று ஊரையே ஆட்டிவைத்தவன், வீட்டில் உட்கார்ந்ததும் சமையலறையை ஒழுங்குபடுத்தலாம் என்று இறங்கினேன். டப்பாக்களை உயரப்படி அடுக்கினேன். உங்கள் தங்கை ஒரு வாரம் உப்பைத் தேடினாள். எட்டாவது நாள் உப்பு கிடைத்தது, அதற்கு அடுத்த நாளே அவள் கடலோரப் பறவைகளைக் கண்காணிக்கும் தொண்டர் குழுவில் சேர்ந்துவிட்டாள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். தினமும் காலையில் தொப்பி போட்டுக்கொண்டு, தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "நீங்க வீட்ல சும்மா இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாள். கட்டின மனைவியைத் தனியாக அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார என் மனசு கேட்குமா? நானும் போய்ச் சேர்ந்தேன். குழு கூடும் அறையின் கதவு திறந்ததும் என்னைப் பார்த்து அவள் முகம் போன போக்கை ஆனந்த அதிர்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும்.

குழுவுக்குத் தலைவி ஒரு உயிரியல் டீச்சர். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். கலங்கரை விளக்கத்திலிருந்து ஆற்று முகத்துவாரம் வரை உள்ள கடற்கரை எங்கள் குழுவின் பொறுப்பு. தண்ணீர் வற்றும் நேரத்தில் நடந்துபோய், என்ன பறவை, எத்தனை, என்ன செய்கிறது, நாய் வந்ததா, வண்டி ஓடியதா என்று பார்த்துக் குறித்துக் கொடுக்க வேண்டும். முகத்துவாரப் பக்கம் பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். அதை உங்கள் தங்கைக்குக் கொடுத்தார். கலங்கரை விளக்கப் பக்கம் காக்காய்கூட யோசித்துத்தான் வரும்; அதை எனக்குக் கொடுத்தார். "சார், இங்க நீங்க சும்மா இருந்தா போதும்" என்று அவரும் அதே வாக்கியத்தைச் சொன்னதைக் கேட்டு எனக்கு ஆச்சரியம். ஒத்த மனசுக்காரர்கள். பயிற்சி வகுப்பு ஒன்றும் வைத்தார். அதில் கூடு பற்றிய பாடம் நடந்தபோது நான் அறையில் இல்லை. திரையில் படம் மங்கலாக விழுந்துகொண்டிருந்தது. வாழ்நாள் பூரா படம் எடுத்தவன் ஒரு மங்கலான படத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? அந்தக் கருவியைச் சரிசெய்ய ஒரு திருப்புளி தேடிக்கொண்டு கீழே காவலாளி அறைக்குப் போனேன். திருப்புளியோடு திரும்பி வந்தபோது பாடம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முக்கியமாக ஏதாவது இருந்தால் யாராவது சொல்லுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் காலை. என் பக்கத்தில் நான் நடந்துகொண்டிருக்கிறேன். திடீரென்று என் காலடியிலிருந்து ஒரு உப்புக்கொத்தி கிளம்பியது. உப்புக்கொத்தி என்றால் உள்ளங்கையில் அடங்கிவிடும் பறவை, மேலே மணல் நிறம், கீழே வெள்ளை, கால்களைப் பார்த்தால் தெரியாது, அவ்வளவு வேகமாக ஓடும். இந்தப் பறவை ஓடவில்லை. ஒரு சிறகைத் தரையில் போட்டு இழுத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கீச் கீச் என்று கதறிக்கொண்டே தள்ளாடிப் போகிறது. மச்சான், என் கண்ணுக்கு ஒரு எலும்பு முறிவு தப்புமா? பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, இடது சிறகு, மேல் எலும்பு, சுத்தமான முறிவு. என் கைத்துண்டை எடுத்தேன். மணலில் கிடந்த ஐஸ்கிரீம் குச்சிகள் இரண்டைப் பொறுக்கிக்கொண்டேன், கட்டுப் போட. "அசையாதே, ஒண்ணுமில்ல, மூச்ச இழுத்துப் புடி" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். நான் நெருங்கினால் அது இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் விழும். நான் நின்றால் அதுவும் நிற்கும், என்னைத் திரும்பிப் பார்க்கும், இன்னும் பரிதாபமாகக் கதறும். இப்படியே கலங்கரை விளக்கத்தின் அடிவரை போய்விட்டோம். அங்கே போனதும் அது நிமிர்ந்தது, சிறகை உதறியது, ஜிவ்வென்று பறந்து போய்விட்டது. நான் துண்டும் குச்சியுமாக நிற்கிறேன். என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தொடாமலேயே குணப்படுத்திவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மறுநாளும் அதே இடத்தில் அதே பறவை, இந்தத் தடவை வலது சிறகு. அதற்கு மறுநாள் இரண்டும். அறிக்கையில் நான் ஒழுங்காக எழுதினேன்: 'நோயாளி அதே நோயாளி, முறிவு இடம் மாறுகிறது, காற்றுப் பட்டால் குணமாகிறது.' அதைப் படித்துவிட்டு டீச்சர் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உடம்புக்கு என்னவோ என்று நான் பதறிப்போனேன். சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், அது நடிப்பு. பக்கத்துல முட்டை இருக்கு. யாராவது வந்தா, சிறகு ஒடிஞ்ச மாதிரி நடிச்சு, தன் பின்னால இழுத்துட்டுப் போயிடும். தூரமா போனதும் பறந்துடும். பாடத்துல சொன்னேனே!" என்றார். திருப்புளி தேடப் போனதன் விலை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

போய்ப் பார்த்தோம். மணலில் ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான் கூடு. அதில் மூன்று முட்டைகள், மணலின் மேலேயே மணலைத் தெளித்த மாதிரி நிறம். காட்டினால்தான் தெரியும், காட்டின பிறகும் கண்ணைச் சிமிட்டினால் காணாமல் போய்விடும். மச்சான், அந்த நிமிஷத்தில் எனக்குள் ஏதோ ஆகிவிட்டது. என் பக்கம்! காக்காய்கூட யோசிக்கும் என் பக்கம்! முகத்துவாரத்தில் உங்கள் தங்கைக்கு ஆயிரம் பறவை இறங்கட்டும், எல்லாம் வந்து போகிற விருந்தாளிகள். என் பக்கத்தில் குடித்தனம். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பாடிக்கொண்டே வந்ததாக அவள் சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

டீச்சர் நான்கு குச்சி நட்டு, சுற்றிக் கயிறு கட்டி, "சார், இனிமே நீங்க இந்தப் பக்கம் வரவே வேணாம். வாரம் ஒரு தடவை நானே தூரமா இருந்து பாத்துக்கிறேன்" என்றார். என் வயசைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு, அவருக்குச் சங்கடம் வராதபடி அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, நடுவில் சும்மா ஒரு தடவை. வெயிலில் முட்டை வாடுமே என்று குடை பிடித்தேன். காற்றுக்குக் குடை பறந்து போய்க் கடலில் விழ, அதைப் பிடிக்க நான் ஓட, அந்தத் தாய்ப்பறவை என் பின்னாலேயே கதறிக்கொண்டு வந்தது, குடை போன துக்கத்தில் என்று நினைக்கிறேன். ஒரு பலகையும் எழுதி வைத்தேன்: 'இங்கே அபூர்வமான முட்டைகள் உள்ளன. யாரும் கிட்டே வந்து பார்க்காதீர்கள்.' அதை வைக்கும்வரை அந்தப் பக்கம் ஒரு ஆள் கிடையாது. வைத்த அன்று சாயங்காலம் திருவிழாக் கூட்டம் தோற்றது போங்கள். வரிசையில் வந்து பார்த்து, பலகையோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். டீச்சர் வந்து பலகையைப் பிடுங்கி, தன் வண்டியில் போட்டுக்கொண்டு போனார். நான் கெட்டிக்காரத்தனமாக எழுதியதைப் பத்திரப்படுத்தி வைக்கிறார் போலிருக்கிறது.

இப்போது கால் விஷயத்துக்கு வருகிறேன், பொறுமையாகப் படியுங்கள். ஒரு விடுமுறை நாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது என் கடற்கரை முழுக்க ஆரஞ்சுப் பனியன்கள். ஏதோ கம்பெனி ஆட்கள் பொழுதுபோக்க வந்திருக்கிறார்கள். மேனேஜர் ஒருவர் கழுத்தில் விசிலோடு, "டீம் ஏ இந்தப் பக்கம், டீம் பி அந்தப் பக்கம்" என்று கத்துகிறார். கயிறு இழுக்கும் போட்டி. கயிறு கொண்டுவர மறந்துவிட்டார்கள் போல. அதனால் என்ன, கடற்கரையிலேயே நான்கு குச்சியில் நல்ல கயிறு ஒன்று கட்டி வைத்திருக்கிறதே என்று அவிழ்த்துக்கொண்டார்கள்! குச்சிகளையும் பிடுங்கி நடுக்கோட்டுக்கு நட்டுவிட்டார்கள். முட்டைகள் இருக்கும் பள்ளம் டீம் பி-யின் கடைசி ஆளுக்குச் சரியாகப் பின்னால். அந்தக் கடைசி ஆள் இருக்கிறாரே, அவர் ஒருவரே ஒரு டீம். அவர் இரண்டடி பின்னால் வைத்தால் என் குடித்தனம் கூழ். டீம் பி ஜெயித்தாலும் கூழ், கயிறு அறுந்து மல்லாந்தாலும் கூழ்.

முட்டை இருக்கிறது என்று சொல்லலாமா? பலகை எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் நெஞ்சில் இருந்தது. சொன்னால் நாற்பது ஆரஞ்சுப் பனியனும் எங்கே எங்கே என்று கிட்டே வரும், எண்பது கால். விலகுங்கள் என்று அதட்டினேன். மேனேஜர், "பெருசு, ஓரமா நின்னு கைதட்டுங்க" என்று சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்தார். தாய்ப்பறவை சிறகைப் போட்டு இழுத்துக்கொண்டு அவர்கள் முன்னால் இப்படியும் அப்படியும் போகிறது. ஒரு ஆள் பார்க்கவில்லை. தன் வித்தையை எல்லாம் காட்டிவிட்டு அது நின்று என்னைப் பார்த்தது, மச்சான். நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். அது என்னைப் பார்த்தது. எத்தனை நாள் எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறது! அந்தப் பாடத்தைப் பூமியில் என்னைவிட நன்றாகக் கவனித்தவன் யார்?

விழுந்தேன். "ஐயோ, என் காலு!" என்று ஒரு அலறல். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. விசில் நின்றது. கயிறு தரையில் விழுந்தது. நாற்பது பேரும் என்னை நோக்கி ஓடி வந்தார்கள். பக்கத்தில் வந்ததும் நான் எழுந்து, இடது காலை இழுத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் விழுந்தேன். "சார், அசையாதீங்க!" என்று மேனேஜர் கத்துகிறார், என்னிடமே! அவர் அப்போதுதான் கம்பெனியில் முதலுதவிப் பயிற்சி முடித்திருக்கிறாராம், இதுவரை ஒரு ஆள்கூட அவருக்கு விழவில்லையாம், முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவர் கை என் மேல் படும் நேரம் மறுபடியும் எழுந்து தத்தினேன். விழுந்தேன். திரும்பிப் பார்த்தேன், எல்லோரும் வருகிறார்களா என்று. இரண்டு பேர் பின்தங்கி நின்றார்கள். அவர்களுக்காகத் தனியாக ஒரு அலறல் போட்டேன், ஓடி வந்தார்கள். இப்படியே கூட்டத்தை முட்டையிலிருந்து அழகாகப் பிரித்துக் கொண்டுபோய்விட்டேன். எனக்கு உள்ளே சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, வெளியே கண்ணீர் வழிகிறது. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் அழுததே இல்லை.

ஒரே ஒரு விஷயத்தை யோசிக்காமல் விட்டுவிட்டேன். கடைசியில் பறவைக்குச் சிறகு இருக்கிறது, பறந்துவிடும். நான் என்ன செய்வது? பிடித்துவிட்டார்கள். கம்பெனி பேனர் ஒன்றை விரித்து அதில் என்னைப் படுக்கவைத்து, 'ஒன்றாக உயர்வோம்' என்ற எழுத்து என் முதுகுக்குக் கீழே இருக்க, நான்கு மூலையிலும் ஆள் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள். வண்டி நிற்பது முகத்துவாரப் பக்கம். அங்கே உங்கள் தங்கை அசையாமல் உட்கார்ந்து, எங்கிருந்தோ வந்து இறங்கியிருந்த பெரிய கூட்டம் ஒன்றை எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பது ஆரஞ்சுப் பனியனும் ஒரு பேனரும் ஓடிவருவதைப் பார்த்து மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் எழும்பி வானத்தில் போனது. அவள் தொலைநோக்கியை இறக்கி, பேனருக்குள் எட்டிப் பார்த்து, "நினைச்சேன்" என்றாள். அப்புறம்தான் "என்ன ஆச்சு?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால் மேனேஜர் காதில் விழும், எல்லோரும் முட்டை பார்க்கத் திரும்பி ஓடுவார்கள். வலிக்கிறது என்று மட்டும் முனகினேன். அவள் நம்பிவிட்டாள், பாவம். இன்றுவரை அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போனால், என் பழைய அறை, என் பழைய மேசை! எனக்குக் கீழே வேலை பார்த்த ஜூனியர் இப்போது அங்கே தலைமை. என்னை மேசையில் படுக்கவைத்து, "சார், மூச்ச இழுங்க" என்றான். "காலுக்கு எதுக்குடா மூச்சு?" என்றேன். "பழக்கதோஷம் சார்." படம் வந்தது. வெளிச்சத்தில் பிடித்தான். மச்சான், நான் படுத்திருந்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டேன்: கண்ணாடி மாதிரி சுத்தம். இந்த வயதில் இப்படி ஒரு கால் எலும்பு இருப்பது எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் எப்படிச் சொல்லுவேன்? வெளியே நாற்பது பேரும் பழமும் பூங்கொத்துமாக நிற்கிறார்கள், மேனேஜர் தன் முதல் நோயாளியைப் பற்றி யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜூனியர் படத்தைப் பார்த்தான். உங்கள் தங்கையைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். அவள் "ஒரு நிமிஷம் தம்பி" என்று அவனை வெளியே கூப்பிட்டுப் போனாள், பாவம், பதற்றத்தில் இருந்தாள். அவன் திரும்பி வந்து, "சார், மயிர்க்கோடு மாதிரி ஒரு விரிசல். மாவுக்கட்டுப் போட்டாத்தான் நல்லது" என்றான். டாக்டரும் வந்து தலையாட்டினார். அந்தப் படத்தில் விரிசல் கிடையாது என்று எனக்குத் தெரியும், அவனுக்குப் படம் படிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான், ஆனால் வாயைத் திறந்தால் என் வேஷம் கலையும். ஊமை கனவு கண்ட மாதிரி காலை நீட்டினேன். ஈரமாக, வெதுவெதுப்பாக, மாவு ஏறியது.

அன்றிலிருந்து நான் மாடி அறையில். உப்புக் காற்றில் துருப்பிடித்த ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டி, அதற்கு அந்தப் பக்கம் கடல் இருப்பதாகச் சத்தத்தை வைத்து நம்ப வேண்டியிருக்கிறது. கட்டுக்குள்ளே அரிப்பு, ஸ்வெட்டர் பின்னும் ஊசியை விட்டுச் சொறிந்துகொள்கிறேன். உங்கள் தங்கை தினமும் காலையில் போய்விட்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, செருப்பு மணலைக்கூடத் தட்டாமல் எனக்கு எல்லாவற்றையும் சொல்கிறாள். அதை மட்டும் குறைசொல்ல மாட்டேன். நான் படுத்த அடுத்த வாரமே மூன்று முட்டையும் பொரிந்துவிட்டதாம்! காலையும் மாலையும் காவல் காத்தபோதெல்லாம் கம்மென்று கிடந்துவிட்டு, நான் இந்தப் பக்கம் திரும்பியதும் பொரிந்திருக்கின்றன. நன்றி கெட்ட ஜென்மங்கள். பிறந்த அன்றே ஓட ஆரம்பித்துவிடுமாம், தாய் ஊட்டாதாம், தானே கொத்தித் தின்னுமாம். ஆனால் பறக்க ஒரு மாதம் போல ஆகுமாம். அதுவரை ஆபத்து வந்தால் மணலோடு மணலாகப் படுத்துக்கொள்வதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வித்தை. "மூணாவது குஞ்சு உங்கள மாதிரி. சொன்ன பேச்சு கேக்காம தனியா தனியா ஓடுது" என்றாள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வருத்தம் இல்லை மச்சான். அதைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

ஆகவே, நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். மேஜர் மோப்பம் பிடித்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனால் கதை முடிந்தது. எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். வேறு ஏதாவது காரணம் சொல்லி உங்கள் தங்கையிடம் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்கே ஜுரம் என்று சொல்லலாம், நடிப்பதற்குக் குறிப்புகள் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், இப்போது எனக்கு நல்ல அனுபவம். கால் உடையாத ரகசியம் உங்களோடு இருக்கட்டும். அவளுக்குத் தெரிந்தால், அன்றைக்குக் கலைந்துபோன அந்தக் கூட்டத்தின் கணக்கை என் ஆயுசு முழுக்கக் கேட்பாள்.

தங்களுக்கும் அக்காவுக்கும் என் பணிவான வணக்கங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் எதைச் செய்தாலும் பாடம் நடக்கும்போது அறையில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். மேஜருக்குத் தூரத்திலிருந்து என் மரியாதை. கடற்காற்று உங்கள் பக்கமும் வீசி, உங்கள் மூட்டுவலி குறைய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
(இரண்டு கால்களும் நன்றாக உள்ள)
தங்கை வீட்டுக்காரர்.

பின்குறிப்பு: படி இறங்கித் தபாலில் போட முடியாததால் இந்தக் கடிதத்தை ஒட்டி உங்கள் தங்கையிடமே கொடுத்து அனுப்புகிறேன். கவலை வேண்டாம், அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. சனிக்கிழமை காலை அவள் முகத்துவாரத்துக்குப் போனதும், சமையலறைக் கத்தரிக்கோலால் மாவுக்கட்டை வெட்டிவிட்டு, கடற்கரைக்குப் போய்க் குஞ்சுகளைக் கிட்டே இருந்து ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம்.

அண்ணா, இது நான். பிரித்துவிட்டேன். கத்தரிக்கோலை டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அவரே அடுக்கியது, அவரால் கண்டுபிடிக்க முடியாது. கால் உடையவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். முகத்துவாரத்தில் பேனருக்குள் கிடந்தபோது வலது காலைப் பிடித்துக்கொண்டு அழுதார், ஆஸ்பத்திரியில் இடது காலை நீட்டினார். என்ன செய்துவிட்டு வந்திருக்கிறார் என்று புரிந்துவிட்டது. அந்தத் தம்பியை வெளியே கூப்பிட்டுக் கட்டுப் போடச் சொன்னதும் நான்தான். வேறு வழியில்லை அண்ணா. இவர் நாளைக்கு நாலு தடவை போய் நிற்பார், தாய் கூட்டை விட்டு எழுந்து இவர் பின்னால் நடித்துக்கொண்டு ஓடும், முட்டை வெயிலில் கிடக்கும். அந்த மூன்று முட்டைகளுக்கு நாய் ஆபத்தில்லை, கம்பெனி ஆபத்தில்லை, இவருடைய பாசம்தான் ஆபத்து. அவர் படுத்தார், தாய் நிம்மதியாக அடைகாத்தது, பொரிந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். மேஜரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். மாடிப்படிக்குக் கீழே கட்டிப்போட்டால் போதும். அது கடற்கரைக்குப் போகாது, இவரும் இறங்க மாட்டார். குஞ்சுகளை அவர் பார்க்காமல் போய்விடுவாரோ என்று வருத்தப்படாதீர்கள். அவை முதல் தடவை எழும்பிப் பறக்கும்போது பக்கத்தில் அவர்தான் நிற்பார், நான் கூட்டிக்கொண்டு போவேன். கட்டுப் பிரிக்கும் தேதியைக் குறித்தது டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். குறித்தது டீச்சர்.